மலையகத்தில் வீட்டிலிருந்து வேலை: இடத்தை அமைத்துக்கொள்வது எப்படி?

வீட்டிலிருந்தே ஒன்லைன் வேலை செய்யலாம் என்று முடிவானதும் பலர் முதலில் விசாரிப்பது மேசையும் லெப்டொப்பும்தான். அவை தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மலையகத்தில் வேலை கெடுவது வேறு காரணங்களால். மீட்டிங் நடுவில் சிக்னல் விழும், பிற்பகல் இடியோடு கரண்ட் போகும், தகரத்தில் மழை கொட்டும்போது நீங்கள் பேசுவது அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆகவே 'வேலைச் சூழல்' என்பதை ஒரேயொரு கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்: அடுத்த இரண்டு மணி நேரத்தில் என்னைக் கதிரையை விட்டு எழுப்பப்போவது எது? அதைக் கண்டுபிடித்து முன்கூட்டியே அகற்றிவிட்டால் சூழல் அமைந்துவிட்டது. மற்றதெல்லாம் கையில் காசு வரும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை பக்கம் இருந்துகொண்டு டேட்டா என்ட்ரி, கணக்கு வேலை, டிசைன், ஒன்லைன் வகுப்பு என்று புதிதாகத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தாலும் சரி, தனி வீட்டில் இருந்தாலும் சரி, வரிசை ஒன்றுதான்.

முதலில் சிக்னல். போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்குக் கோடு காட்டும். எண்ணாகப் பாருங்கள். அன்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் 'அபவுட் போன்' என்ற இடத்துக்குப் போய் சிம் நிலையைத் திறந்தால் -87, -104 என்று சிக்னலின் பலத்தைச் சொல்லும் டி.பி.எம். அளவில் ஒரு எண் இருக்கும். சில போன்களில் *#*#4636#*#* என்று டயல் பண்ணினாலும் வரும். கழித்தல் எண் என்பதால் பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. 4ஜியில் -90 வரை இருந்தால் நிம்மதி, -100 அளவில் சமாளிக்கலாம், -110ஐத் தாண்டினால் அந்த இடத்திலிருந்து வீடியோ மீட்டிங் நடத்த நினைக்காதீர்கள்.

இப்போது போனைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். இஸ்தோப்பு (முன் திண்ணை), முன் காம்பரா, குசினி, ஒவ்வொரு ஜன்னல் ஓரமும். எண் மெதுவாகத்தான் மாறும், அதனால் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடமாவது நின்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உயரத்தையும் மாற்றிப் பாருங்கள், இடுப்பளவில் ஒன்று, கையைத் தூக்கி ஒன்று. 10க்கு 12 அடி லயக் காம்பராவுக்குள் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஆனால் மேலே தகரம், ஒரே ஒரு சின்ன ஜன்னல் என்றால், டவர் இருக்கும் மலையைப் பார்த்த ஜன்னலுக்கும் உள் சுவருக்கும் இடையில் பத்துப் பதினைந்து எண் வித்தியாசம் வருவது சாதாரணம். பத்து எண் என்றால் சிக்னலின் பலம் பத்து மடங்கு. வேறு எந்தச் செலவும் இல்லாமல் கிடைக்கும் பத்து மடங்கு அது. இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யாமல் பெரிய பெக்கேஜுக்குக் காசு கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்படும்.

நல்ல எண் வந்த இடம் ரவுட்டருக்கு, அதாவது சிம் போட்டு வைஃபை எடுக்கும் பெட்டிக்கு. அங்கேதான் மேசையும் இருக்க வேண்டும் என்பதில்லை. சிக்னல் இஸ்தோப்பில் நன்றாக இருக்கும், ஆனால் அங்கே உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பேசுவார்கள். ரவுட்டரை ஜன்னலுக்கு மேலே ஆணியடித்து வைத்துவிட்டு, அங்கிருந்து ஒரு லேன் வயரை உள்ளே இழுத்து லெப்டொப்பில் குத்துங்கள். லேன் வயர் 100 மீட்டர் வரை குறையில்லாமல் வேலை செய்யும், கனமான கல் சுவர் வைஃபையைத் தின்னும் பிரச்சினையும் அதில் இல்லை. ரவுட்டருக்குப் பின்னால் அன்டெனா திருகும் துளை இருந்தால் வெளி அன்டெனா ஒன்றைப் பூட்டலாம். ஆனால் அன்டெனா வயர் நீள நீள சிக்னல் குறையும், அதனால் அதைக் குட்டையாக வைத்து லேன் வயரை நீளமாக விடுவதுதான் முறை.

மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். 4ஜி அலைகளை மூடுபனி கணக்கில் எடுக்கும் அளவுக்குத் தடுக்காது. அந்த நேரத்தில் உண்மையில் நடப்பது வேறாக இருக்கலாம்: டவருக்குக் கரண்ட் போய் அதன் பற்றரி இறங்கியிருக்கும், அல்லது குளிருக்கு எல்லோரும் வீட்டுக்குள் இருந்து ஒரே நேரத்தில் போன் பார்ப்பார்கள். இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு. காரணம் டவர் என்றால் உங்கள் வீட்டில் எதை மாற்றினாலும் சரிவராது, வேறு டவரில் பிடிக்கும் இன்னொரு கொம்பனியின் சிம் ஒன்றுதான் கைகொடுக்கும். சில இடங்களில் இரண்டு கொம்பனிகளும் ஒரே டவரில் இருக்கும், கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். எனவே இரண்டாவது சிம் வாங்கும் முன், கரண்ட் இல்லாத ஒரு நாளில் பக்கத்து வீட்டாரின் போனில் எது உயிரோடு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்பீட் டெஸ்ட் எடுக்கும்போது டவுன்லோட் எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் முகமும் குரலும் போவது அப்லோடில். வீடியோ மீட்டிங்குக்கு அப்லோட் 1 முதல் 3 எம்.பி.பி.எஸ். வரை வேண்டும். குரல் மட்டும் என்றால் 0.1 எம்.பி.பி.எஸ். போதும். டேட்டாவிலும் அப்படித்தான், ஒரு மணி நேர வீடியோ சுமார் 1 ஜி.பி. தின்னும், குரலுக்கு 50 எம்.பி.கூட ஆகாது. ஆகவே இணைப்பு தடுமாறத் தொடங்கியதும் முதல் வேலையாகக் கெமராவை மூடுங்கள், சொல்லிவிட்டு மூடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். விண்டோஸ் அப்டேட் பகல் டேட்டாவை விழுங்காமல் இருக்க அந்த வைஃபையை 'மீட்டர்ட்' (அளவுள்ள டேட்டா) என்று குறித்து வைத்துவிட்டு, இரவு டேட்டா தனியாக உள்ள பெக்கேஜ் என்றால் நடுச்சாமத்துக்குப் பிறகு இறக்கிக்கொள்ளலாம். 2025 ஜூலையில் செய்மதி வழி இணையமான ஸ்டார்லிங்கும் இலங்கைக்கு வந்துவிட்டது. டவரே எட்டாத தோட்டங்களுக்கு அது வழி. ஆனால் வானம் அகலமாகத் தெரிய வேண்டும், கொட்டும் மழையில் இடைக்கிடை அறுபடும், சாதாரண ரவுட்டரைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்களே, அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் மலையில் மரக்கிளை வயரில் விழுவதற்கு நாட்டு நெருக்கடி எதுவும் தேவையில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மழையாகக் கொட்டும். அதே காற்று மலையைத் தாண்டி, பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாவுக்குள் இறங்கும்போது காய்ந்து போய்விடும். ஊவாத் தேயிலைக்கு அந்த வாசனையைக் கொடுப்பதும் பண்டாரவளைப் பக்கம் கிளைகளை முறித்து வயரில் போடுவதும் அந்த ஒரே காற்றுதான்.

லெப்டொப்புக்குச் சொந்த பற்றரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. அதனால் முதலில் வாங்க வேண்டியது, கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட வைக்கும் சின்ன பற்றரிப் பெட்டியான மினி யூ.பி.எஸ். பெட்டியில் 8800 எம்.ஏ.எச். என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து ஒரு முழு நாள் ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 8800 எம்.ஏ.எச். என்பது 8.8 அம்பியர் மணி, அதை 3.7ஆல் பெருக்கினால் சுமார் 33 வொட் மணி, அதிலும் வோல்டேஜை உயர்த்தும்போது கொஞ்சம் வீணாகும், 25 என்று வையுங்கள். உங்கள் ரவுட்டர் 8 வொட் இழுத்தால் மூன்று மணி நேரம். கடையில் நின்றபடியே போடக்கூடிய கணக்குத்தான். இன்னொன்றும் முக்கியம்: ரவுட்டரின் அடப்டரைப் புரட்டிப் பாருங்கள், 9 வோல்ட் என்றும் இருக்கும், 12 வோல்ட் என்றும் இருக்கும். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைக் குத்தினால் அது கருகிவிடலாம்.

மேசைக் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் 650 வி.ஏ. யூ.பி.எஸ். வாங்கினால், அது வேலையைத் தொடர்வதற்கு அல்ல, சேவ் பண்ணி மூடுவதற்கு. பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். மீட்டிங் உள்ள வேலைக்கு, நல்ல பற்றரியோடு உள்ள பழைய லெப்டொப் புதிய மேசைக் கொம்பியூட்டரைவிட மேல் என்பது என் எண்ணம்.

பிளக்கையும் கவனியுங்கள். பழைய 5 அம்பியர் வட்டப் பின் பொயின்ட்டில் சுமார் 1150 வொட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் ஒன்றே 1500 முதல் 2000 வொட். அந்தப் பொயின்ட்டில் ஒரு மல்டி பிளக்கைப் போட்டு, கேத்தலோடு லெப்டொப்பும் அதிலேயே இருந்தால், கேத்தல் போட்டவுடன் வயர் சூடாகி ஒரு நாள் எல்லாம் சேர்ந்து போகும். லெப்டொப்பின் உலோக உடலைத் தொடும்போது கையில் சுர்ரென்று ஏறினால் பெரும்பாலும் எர்த் (கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் வயர்) இல்லை என்று அர்த்தம், ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு இருக்கும்போது இது நன்றாகத் தெரியும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள், மின்சாரம் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

இனி இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், பகல் திரும்பியதும் கறுத்து இடிக்கும். லண்டனோடு வேலை செய்கிறவர்களுக்கு இது நேராக மோதும். அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு அவர்களுடைய குளிர்காலத்தில் பிற்பகல் 2.30, கோடையில் 1.30. அவர்கள் கோப்பியோடு வந்து உட்காரும் நேரம்தான் நம் மலையில் இடி இறங்கும் நேரம். அதனால் அந்த மாதங்களில் கையோடு முடிக்க வேண்டிய பெரிய பைல் அனுப்புவது, டவுன்லோட் போன்றவற்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பிற்பகலுக்குள் லெப்டொப்பும் மினி யூ.பி.எஸ்.ஸும் முழுச் சார்ஜில் இருக்கட்டும். வானம் கறுத்ததும், முழக்கம் கேட்கும் முன்பே சார்ஜர், ரவுட்டர் அடப்டர், டிவி டிஷ் வயர், தொலைபேசி வயர் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். வெளி அன்டெனா இருந்தால் அதையும். லேன் வயரைக் கழற்றிவிட்டு அந்த நேரத்துக்கு வைஃபையில் பேசுங்கள். சுவரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பற்றரியில் ஓடும் லெப்டொப்பும் ரவுட்டரும் இருந்தால் இடி நேரத்திலும் மீட்டிங் நடக்கும். மினி யூ.பி.எஸ்.ஸை முதலில் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வோல்டேஜ் திடீரென்று ஏறினால் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டர் இருக்கிறதே என்று கழற்றாமல் இருக்காதீர்கள், கிட்ட விழும் மின்னலை அது தாங்காது, எர்த் இல்லாத வீட்டில் அதனால் பெரிய பயனும் இல்லை. போன கரண்ட் திரும்பி வந்தாலும் ஐந்து நிமிடம் விட்டுத்தான் குத்த வேண்டும், வந்த வேகத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும்.

ஈரமும் புகையும் மெதுவாகக் கொல்பவை. லெப்டொப்பை வெளிச்சுவரில் ஒட்டி வைக்க வேண்டாம், நாலு விரல் இடைவெளி விடுங்கள். குசினிக்கு அடுத்த காம்பராவில் வேலை செய்தால் விறகடுப்புக் கரி லெப்டொப் விசிறிக்குள் போய்ப் படியும், அடைத்துக்கொண்டு சூடாகும். அடுப்பு எரியும் நேரத்தில் இடைக்கதவைச் சாத்துங்கள், வருடத்துக்கு ஒரு தடவையாவது விசிறியைத் துப்புரவாக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். குளிர் வெளியிலிருந்து கொண்டுவந்த லெப்டொப்பைச் சூடான அறைக்குள் வந்ததும் திறக்காமல் அரை மணி நேரம் பையிலேயே விட்டால் உள்ளே நீர் கோர்க்காது. அதிக நாள் மூடி வைப்பதைவிடத் தினம் கொஞ்சம் ஓட விடுவது நல்லது, அதன் சூட்டிலேயே ஈரம் போய்விடும்.

குளிர் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் பனி உறையும் ஊர். விரல் விறைத்தால் டைப் பண்ண முடியாதுதான். அதற்காகத் தணல் சட்டியைக் கொண்டுவந்து வைத்துக் கதவு ஜன்னலைப் பூட்டிக்கொண்டு உட்காரவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கம் வருவது போல இருக்கும், அப்படியே ஆளை முடித்துவிடும். குளிர் ஏறுவது பெரும்பாலும் காலில் இருந்துதான். சீமெந்துத் தரையில் நாலாக மடித்த சாக்கைப் போட்டு, கம்பளிக் காலுறை மாட்டி, விரல் நுனி திறந்த கையுறை போட்டாலே விடியற்காலை மீட்டிங்கைச் சமாளிக்கலாம்.

தகரத்து மழைச் சத்தத்துக்கு முழு வைத்தியம் தகரத்துக்குக் கீழே இடைவெளி விட்டு ஒரு சீலிங் அடிப்பதுதான், அதற்குக் காசு வேண்டும். உடனே செய்யக்கூடியது, மைக் வாய்க்குக் கிட்டே வரும் ஹெட்செட் ஒன்றை வாங்குவது. லெப்டொப்பின் சொந்த மைக் தூரத்தில் இருப்பதால் உங்கள் குரலையும் மழையையும் ஒரே அளவில் எடுக்கும். வாயிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் மைக் இருந்தால் குரல் முன்னுக்கு வந்துவிடும், மீட்டிங் செயலியில் உள்ள சத்தம் குறைக்கும் வசதியையும் போட்டுவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பேசாத நேரம் மியூட். தோட்டத்துக் கோவில் திருவிழா என்றால் எந்த ஹெட்செட்டும் எடுபடாது. அது எப்போது என்று முன்கூட்டியே தெரியும் அல்லவா, அந்த நாளுக்கு மீட்டிங் போடாமல் எழுத்து வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது லீவு போட்டுவிட்டு சாமி கும்பிடப் போங்கள்.

இப்போதுதான் மேசை. ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வர வேண்டும். முன்னால் இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் வீடியோவில் முகம் கறுப்பாகத் தெரியும். உட்கார்ந்து கையை மடித்தால் முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில். சாப்பாட்டு மேசை சுமார் 75 சென்டிமீட்டர் உயரம், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தால் பலருக்கு அது கொஞ்சம் உயரம். கதிரையில் ஒரு மெத்தையைப் போடுங்கள், கால் தொங்கினால் கீழே ஒரு பலகை. லெப்டொப்பைப் புத்தகங்கள் மேல் ஏற்றிவிட்டுத் தனி கீபோர்டும் மவுஸும் பிடித்தால் கழுத்து தப்பும். கட்டிலில் வைத்து வேலை செய்வதை மட்டும் பழக்கமாக்காதீர்கள். முதுகும் போகும், பிறகு அதே கட்டிலில் தூக்கமும் வராது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 வினாடி பார்க்கச் சொல்வார்கள். நமக்கு ஜன்னலைத் திறந்தால் எதிரே மலையே இருக்கிறது.

கடைசியாக வீட்டு ஆட்கள், இதைச் சாமானைப் போலக் கடையில் வாங்க முடியாது. விடியக் காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு)ப் போய், மலை ஏறி, கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாவுக்கு, மகள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து கொம்பியூட்டரைப் பார்ப்பது வேலையாகத் தெரியாமல் இருப்பதில் பிழை இல்லை. விளக்கிச் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்து, "இங்க பாரும்மா, இது கணக்கு, இதை இத்தனை மணிக்குள்ள அனுப்பணும், அனுப்பினாத்தான் சம்பளம்" என்று காட்டிவிடுங்கள். அப்புறம் எந்த நேரம் கூப்பிடலாம், எந்த நேரம் கூப்பிடக் கூடாது என்று இருவருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்செட் காதில் இருந்தால் கூப்பிடக் கூடாது, கழுத்தில் தொங்கினால் கூப்பிடலாம் என்பது மாதிரி சின்ன அடையாளம் போதும். லயத்தில் அடுத்த வீட்டு டிவி சுவர் தாண்டி வரும். அந்த வீட்டு அக்காவிடமும் மீட்டிங் நேரத்தை மரியாதையாகச் சொல்லிவையுங்கள், அநேகமாக எல்லோரும் சத்தத்தைக் குறைப்பார்கள். வேலை முடியும் நேரத்தையும் வீட்டில் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு எழும்புங்கள். இல்லாவிட்டால் எந்நேரமும் வேலையில் இருக்கிற ஆளாகிவிடுவீர்கள், உங்கள் வேலை நேரத்தை யாரும் மதிக்கவும் மாட்டார்கள்.

வேலை கொடுப்பவரிடமும் முதல் வாரத்திலேயே நிலைமையைச் சொல்லி வைப்பது நல்லது: நான் இருப்பது மலைநாடு, தொடர்பு அறுந்தால் குறுஞ்செய்தி அனுப்புவேன், இத்தனை மணிக்குள் வராவிட்டால் இன்னாரிடம் கொடுங்கள் என்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவோடு கரண்டும் போனும் பல இடங்களில் நாட்கணக்கில் இல்லாமல் போயின. அப்படியான நேரத்துக்கு எந்த யூ.பி.எஸ்.ஸும் வழியில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்குச் சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை விட்டால் வேலையைப் பாதியில் விட்டு வெளியேறுங்கள். முடிக்காத பைல்கள் எப்போதும் கிளவுட்டில் ஒரு பிரதியோடு இருந்தால் லெப்டொப்பை எடுக்கத் திரும்பி ஓடத் தேவை வராது.